கொக்கி இல்லாத திரை

என் வீட்டுக்காரர் இன்னாசிமுத்து விதி எழுதுவதில் கெட்டிக்காரர். விளாங்குடி மாதா திருவிழாவின் பல்சுவை நிகழ்ச்சிக்கு இருபது வருடமாக அவர்தான் அமைப்பாளர். பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்த ஜெபக்குழுவை நாங்கள் அன்பியம் என்போம். ஒரு அன்பியத்துக்கு ஒரே ஒரு நிகழ்ச்சிதான் என்பது அவர் எழுதிய விதி. எங்கள் அன்பியத்தின் நிகழ்ச்சி எது? அவரே எழுதி அவரே பாடும் மாதா பாட்டு. வேறென்ன!

நானும் பாடுவேன். அடுப்படியில் பாடுவேன், பள்ளிக்கூட ஆபீஸில் ஃபைல் அடுக்கும்போது பாடுவேன். சாவதற்குள் ஒரு தடவையாவது அந்த மேடையில் பாடிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்த வருடம் வாய்விட்டே கேட்டேன்.

"ஏங்க, இந்தத் தடவை நான் பாடட்டுமா?"

"நீ பாடிட்டா திரையை யாரு பிடிக்கிறது, மேரி?" என்றார், மீசையைக் கத்தரித்துக்கொண்டே.

மேடைத் திரையின் கயிற்றைக் கட்டும் கொக்கி உடைந்து எத்தனையோ வருடமாயிற்று. ஆள்தான் நிற்கிறாளே என்று யாரும் புதுசு மாட்டவில்லை. ஏற்றிய திரையை நான் ஓரத்தில் நின்று பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால், திரையின் அடியில் இருக்கும் மூங்கில் கழி முன்னால் நிற்பவர் தலையில் இறங்கும். போன வருடம் நான் தும்மியதில் ராஜா வேஷம் போட்டவரின் கிரீடம் நசுங்கியது.

அன்று சாயங்காலம் மேடையில் பிள்ளைகள் பாட்டுக்காகக் கீபோர்டு வாசிக்கும் ஜூடு ஒரு பட்டனை அழுத்திச் சுருதியை ஏற்றியிருந்தார். அடுத்து எங்க வீட்டுக்காரர் பாட்டு. சுருதியை இறக்க ஜூடு மறந்தே போனார்.

முதல் வரியிலேயே இவர் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாம் வரியில் குரல் கிறீச்சிட்டது. மூன்றாம் வரியில் வாய் மட்டும்தான் அசைந்தது. கீழே சிரிப்பு கிளம்பியது. நல்லா வேணும் என்றுதான் முதலில் நினைத்தேன். காதெல்லாம் சிவந்து நிற்கிற மனுஷனைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

அந்தச் சுருதியோ எனக்கு அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி. தொகுப்பாளர் எஸ்தர் டீச்சர் ஸ்டூலில் வைத்துப்போன மைக் பக்கத்திலேயே கிடந்தது. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் மைக். விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தேன்.

மீசைக்காரர் வாயிலிருந்து பெண் குரல்! வேண்டுமென்றே செய்கிற வேடிக்கை என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. இவரும் லேசுப்பட்ட ஆளா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாயசைத்தபடி ஒரு ஆட்டம் போட்டார். ஒரே கைதட்டல்.

சரணம் முடிந்து இசை மட்டும் போகும்போது, ஆடிக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"அருமை மேரி! அடுத்த சரணத்தையும் பாடிரு. ஆனா வெளிய மட்டும் வந்துறாத."

வந்ததே எனக்குக் கோபம்! "இந்தாங்க, இதப் பிடிங்க" என்று கயிற்றை அவர் கையில் திணித்தேன். கழி ஒரு முழம் இறங்கியது. பதறிப்போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இனி அவர் எங்கே நகர்வது?

நடு மேடைக்கு நடந்து போனேன். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது.

"அடியாத்தீ, நம்ம ஆனிமேரி அக்காடி!" என்று பக்கத்து வீட்டுத் தமிழ்வாணி கத்தினாள்.

முதல் வார்த்தை நடுங்கியது. அப்புறம் நடுங்கவில்லை. அவர் நீளம் என்று ஒவ்வொரு வருடமும் விட்டுவிடுகிற கடைசிச் சரணத்தையும் சேர்த்துப் பாடினேன். முடித்தபோது அழுகை வந்துவிட்டது, சந்தோஷ அழுகை.

ஓரத்துக்குத் திரும்பினால், சட்டையெல்லாம் வேர்வையாக இவர் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கை எரியுது மேரி. எம்புட்டு கனம்! ஒத்தப் பாட்டுக்கே முடியல."

"வருஷா வருஷம் மூணு மணி நேரம்" என்றேன்.

நான் கயிற்றை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"அடுத்து நாடகம். நீ போயி முன்னால உக்காந்து பாரு."

இருபது வருடத்தில் முதல் தடவையாக எதிரே நாற்காலியில் உட்கார்ந்து நாடகம் பார்த்தேன். நடுவில் இரண்டு தடவை கழி இறங்கியது. நான் எழுந்திருக்கவே இல்லை.