அண்ணன் தலையில் விழுந்த ரோடு

1

சில கதைகள் எழுதுபவன் தலையில் உதிக்கும். இது அடுத்தவர் தலையில் உதித்தது.

சலூன்காரன் மிஷினைப் பிடித்தபடியே கண்ணாடி முன் கிடந்த தன் போனை எட்டிப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. பரிசோதனைக்கூடத்துச் செய்தி: ஆசனவாயில் எடுத்த மாதிரியில் அதிக ஆபத்துள்ள எச்.பி.வி. வைரஸ், பாசிட்டிவ். கை தானாக ஏறியது. நெற்றியிலிருந்து உச்சி வரை நேராக ஒரு ரோடு.

தலைக்குச் சொந்தக்காரர், அவனோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும் லிஃப்ட் மெக்கானிக்கின் அண்ணன். மறுநாள் அவருக்கு வேலைக்கான நேர்கா— (அடித்துவிடுகிறேன். அவர் ஓய்வு பெற்றவர். இருக்கிற கஷ்டம் போதும்.)

அண்ணன் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் தம்பி, இதுதான் இப்ப ஃபேஷனா?"

மிஷின் பழசு என்று மென்று விழுங்கி, மிச்சத்தையும் மழித்து அனுப்பினான்.

2

(சலூன்காரன் நான்தானா என்று கேட்காதீர்கள். எழுதுபவனுக்கும் பாத்திரத்துக்கும் இடைவெளி வேண்டுமாம். என்னால் முடிந்தது ஒரு சீப்பின் அகலம்.)

அந்த வைரஸ் என்றாலே கேன்சரோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம் மெக்கானிக். அவனோடு சேர்ந்தபின் வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்காதவனுக்கு இது எங்கிருந்து வந்தது? தனக்கே விளங்காததை அவனுக்கு எப்படி விளக்குவது?

3

டாக்டரம்மா கடுகடுப்பானவர், மூக்கு நுனியில் கண்ணாடி— (பொய். நன்றாகச் சிரிப்பவர். பயத்தில் எனக்கு அப்படித் தெரிந்தது.)

இது கேன்சர் இல்லை என்றார். கேன்சரை உண்டாக்கக்கூடிய வகை வைரஸ் இருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலானோருக்கு அது அந்த அளவுக்குப் போவதே இல்லை. பெரிதாக்கிக் காட்டும் கருவியால் உள்ளே பார்ப்பார்களாம். மாறத் தொடங்கிய செல்கள் இருந்தால், கேன்சராகும் முன்பே அகற்றிவிடலாம். அப்புறம் அவ்வப்போது வந்து காட்ட வேண்டும்.

எப்போது தொற்றியது, யாரிடமிருந்து?

"அதை இந்த டெஸ்ட் சொல்லாதுப்பா. சமீபத்துலயும் இருக்கலாம், பல வருஷம் முன்னாடியும் இருக்கலாம். உள்ளேயே சத்தமில்லாம இருக்கும்."

4

முடிவு அ: மெக்கானிக் பெட்டியைக் கட்டுகிறான்.

முடிவு ஆ: இருவரும் கட்டிக்கொண்டு அழ, வெளியே மழை. (மழையை எடுத்துவிட்டேன். கொடியில் துணி காய்கிறது.)

முடிவு இ: மெக்கானிக் எதுவுமே சொல்லாமல்— (இதை எழுதக் கை வரவில்லை.)

வாசகரே, உங்களிடம் நல்லதாக ஒன்று இருந்தால் எடுத்து வையுங்கள். நான் அடுப்படிவரை போய்வருகிறேன்.

5

மெக்கானிக் கைக் கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். சலூன்காரன் ரிசல்ட்டையும், அதைப் பார்த்து அண்ணன் தலையில் ரோடு போட்டதையும், டாக்டரம்மா சொன்னதையும் ஒரே மூச்சில் கொட்டினான். அவன் இன்னும் கொஞ்சம் சோப்பு எடுத்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சீப்பின் அகலமும் போய்விட்டது.

"என்மேல சந்தேகம் வந்துதா? நேராச் சொல்லிடு" என்றேன்.

குழாயை மூடினான்.

"வந்துச்சு. கையைக் கழுவி முடிக்கிற வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் அண்ணன் தலை ஞாபகம் வந்துச்சு. தப்புப் பண்ணிட்டு இப்படி ஒரு ரிசல்ட்டை எதிர்பார்த்துக் காத்திருந்தவன் கை இப்படிப் பதறியிருக்காதுடா. போ, எனக்கும் சேர்த்து அந்தம்மாகிட்ட நேரம் வாங்கு."