ஹூபர்ட்டின் தொட்டியில் கெண்டை

“நீ ஒரு வார்த்தை இருன்னு சொன்னா இருக்கேன்” என்றான் லுமீர். ஏப்ரல் மாதம், எங்கள் வீட்டு வாசலில், கையில் பெட்டியோடு.

“முடிவெல்லாம் நீ எடுப்ப. கெஞ்ச மட்டும் நானா?” என்றேன்.

“கெஞ்சச் சொல்லல, ஹெட்விகா. கேக்கத்தான் சொன்னேன்.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“சரி. ஹூபர்ட் இங்கயே இருக்கட்டும். நான் தங்கப்போற அண்ணன் வீட்ல பூனை இருக்கு.”

பதினாறு வருடக் கல்யாணம், கடைசியில் பூனையில் வந்து முடிந்தது.

ஹூபர்ட், லுமீர் வளர்த்த பச்சோந்தி. ஓலொமோட்ஸில் வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டதை என்னிடம் சொல்வதற்கு ஒரு வாரம் முன்பே அதனிடம் சொல்லிவிட்டான். கூண்டைத் துடைத்துக்கொண்டே அதோடு பேசுவது அவன் வழக்கம். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் கேட்டேன். வேலைக்குப் போவதில் எனக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் இருக்கும் பிர்னோவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் வீட்டில் யாருக்கு முதலில் செய்தி என்று ஒரு கணக்கு இருக்கிறதா இல்லையா?

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் வந்தான். என்னைப் பார்க்க இல்லை, ஹூபர்ட்டைப் பார்க்க. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவன் கையெழுத்தில் ஒரு தாள். காலையும் மாலையும் இலைகள் நனையத் தண்ணீர் தெளி. கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது, அசையும் துளி மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தண்ணீர். தீனிக்கான சிள்வண்டுகளைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போடு. புற ஊதா விளக்கை ஆறு மாதத்தில் மாற்று, எரிகிறதே என்று விட்டுவிடாதே. தேவையில்லாமல் கையில் எடுக்காதே. சனிக்கிழமை, செடியோடு குளியல் தொட்டியில் வைத்து அரை மணி நேரம் ஷவரில் வெதுவெதுப்பான மழை.

கடைசி வரியை மட்டும் அவனே செய்வான். முடித்துவிட்டு வாசலில் குனிந்து ஷூவை மாட்டுவான். அவனுடைய வீட்டுச் செருப்பு அங்கேயே, என் செருப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். எட்டு மாதமாக அந்த நிமிடத்தில்தான் அந்த ஒரு வார்த்தை என் தொண்டை வரை வரும். அப்போது பார்த்து அவன் நிமிர்ந்து, “சிள்வண்டுக்கு கேரட் போட்டியா?” என்பான். வார்த்தை வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல், வரவில்லை. எனக்கு அலுவலகத்தில் வருடக் கடைசி வேலை. ஹூபர்ட்டின் மழை தள்ளிப்போனது. புதன்கிழமை அப்பா கெண்டையோடு வந்தார்.

அப்பா கீழ்த்தளத்தில் இருக்கிறார். அவர் குளியலறையில் தொட்டி கிடையாது. அதனால் கிறிஸ்துமஸ் விருந்துக்கு உயிரோடு வாங்கும் மீன் வருடா வருடம் என் தொட்டியில்தான் நீந்தும். அதை வெட்டுவது லுமீரின் வேலை. அப்பாவால் முடியாது, ஏனென்றால் நாலு நாளில் அதற்குப் பெயர் வைத்துவிடுவார். இந்த வருடம் யார் வெட்டுவது என்று நான் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். மீனுக்குச் சூடு ஆகாது என்று குளியலறை ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

ஹூபர்ட்டின் கூண்டு இருக்கும் கூடத்திலோ ஹீட்டர் முழுவேகத்தில். நான் தெளிக்கும் தண்ணீர் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். வெள்ளிக்கிழமை விடுப்பு. காலையில் கூண்டைத் துடைக்கும்போது பார்த்தேன்: எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம். மழை வேண்டும், தொட்டியிலோ கெண்டை. எனக்கு ஒரு யோசனை வந்தது. செடியோடு ஹூபர்ட்டைத் தூக்கித் தொட்டியை ஒட்டிய துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தேன். அங்கிருந்தே மழை விடலாமே.

ஷவரை நான் திறப்பதற்குள் கெண்டை வாலால் ஒரு அடி அடித்தது. ஹூபர்ட் பலகைபோல் தட்டையாகிப் பக்கவாட்டில் விரிந்தது. மஞ்சள் பட்டைகள் பளிச்சென்று எழுந்தன. வாயைத் திறந்து சீறியது. பிறகு உடம்பெல்லாம் கறுத்து, கிளையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டது.

லுமீருக்குப் போன் செய்தேன். என்ன நிறம் என்றான். கறுப்பு என்றேன். எந்த மாதிரிக் கறுப்பு என்றான். வயிற்றுப் பக்கம் பச்சை இருக்கிறதா, எந்தப் பச்சை என்றான். நீ பெருமையடிக்கும் அந்தச் சட்டையின் பச்சை என்று கத்தினேன். எந்தச் சட்டை என்று கேட்டான். போனைத் தூக்கி மீனிடம் போடலாம் போலிருந்தது.

“ஜன்னல் தொறந்திருக்கா?” என்றான் கடைசியில்.

அப்போதுதான் நான் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன்.

“ஜன்னலச் சாத்து. கூண்டுல, விளக்குக்குக் கீழ வை. இலையத் தெளிச்சுக்கிட்டே இரு. மத்தியான வண்டியில வரேன்.”

மூன்று மணிக்கு வந்தான். காய்ச்சல் தீர்ந்தாலும் மூக்கு சிவந்திருந்தது. அப்பாவும் கீழிருந்து ஏறி வந்தார்.

“மாப்ள வந்தாச்சு, மீனுக்கு ஆள் கிடைச்சாச்சு” என்றார்.

“இன்னிக்கு வெட்டல மாமா. வெளிய எடுக்கறோம், அவ்வளவுதான்.”

அப்புறம் நடந்ததை விவரிக்க எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு ஆண்கள், ஒரு மீன், ஒரு துவாலை. கெண்டை இரண்டு முறை நழுவித் தாழ்வாரம் வரை போனது. துடைத்து வைத்த தரையெல்லாம் குளத்து நாற்றம். கடைசியில் அப்பா அதைப் பெரிய தண்ணீர்ப் பானையில் போட்டுப் பால்கனியில் வைத்துக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். தொட்டியை மூன்று முறை தேய்த்துக் கழுவியது நான்.

செடி உள்ளே போனது. கையில் பட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும்படி லுமீர் தண்ணீரைச் சரிசெய்தான். ஷவரைச் சுவரின் பக்கம் திருப்பினான். தெறிக்கும் பொடித் தூறல் மட்டும் இலைகளில் இறங்கியது. நாங்கள் இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஹூபர்ட் தலையைத் தூக்கி, இலை நுனியில் தொங்கிய துளியை நக்கியது. இன்னொன்று. தொண்டை அசைந்தது.

“எம்மேல கோவத்துலதான் கறுத்துடுச்சுன்னு நெனச்சேன்” என்றேன்.

“காலைல கறுத்தது குளிருக்கு. கறுத்தா வெயில நல்லா வாங்கிக்கும். நீ சொன்ன மஞ்சள் பட்டைதான் பயம், அது மீனப் பாத்து. உன்மேல அதுக்கு ஒண்ணுமில்ல.” மூக்கை உறிஞ்சினான். “நாளைக்குள்ள கண்ணு மேல வரலைன்னா டாக்டர்கிட்ட கொண்டு போயிடணும்.”

கறுப்பு பழுப்பாகி, விலாவில் முதலில், பிறகு முதுகில், மெல்லப் பச்சை வந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைக் கையில் கெண்டைச் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. எனக்கு அதை எடுத்துவிட வேண்டும் போலிருந்தது, எடுக்கவில்லை.

ஹூபர்ட்டைக் கூண்டில் விட்டதும் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தரை வண்டி என்றான். வாசலில் குனிந்து ஒரு ஷூவை மாட்டினான். கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தான். எனக்குத் தெரியும், இதோ வரப்போகிறது.

“நாளைக்குக் காலைல தெளிக்கறப்போ...” என்று ஆரம்பித்தான்.

“நிறுத்து” என்றேன். “தெளிக்கறது எனக்குத் தெரியும். கேரட் போட்டாச்சு. விளக்கு செப்டம்பர்ல மாத்தினேன்.”

ஒற்றை ஷூவோடு நின்றான். பால்கனியில் அப்பா மீனிடம் பேசிக்கொண்டிருந்ததுகூட நின்றுவிட்டது.

நான் அவனுடைய வீட்டுச் செருப்பைக் காலால் அவன் பக்கம் தள்ளினேன்.

“அந்த ஷூவக் கழட்டு. நாளைக்கு மட்டும் இல்ல, பண்டிகைக்காக இல்ல, ஹூபர்ட்டுக்காக இல்ல. எனக்காகக் கேக்கறேன் லுமீர். இங்கயே இரு.”