எண்ணெய் போட்ட தோட்டாக்கள்

என் அண்ணன் ஹிஸாம் ராணுவ வெடிமருந்துக் கிடங்கில் பல வருஷம் வேலை பார்த்தவர். போரில் அந்தக் கிடங்கு அழிந்துபோனது. அதன் பிறகு மலைக்குத் திரும்பி, எங்கள் வயலுக்கு மேல் அடுக்கில் சோளம் விதைத்தார்.

என் புருஷன் முக்பிலிடம் அவருடைய அப்பா விட்டுப்போன ஒரு பெட்டித் தோட்டா இருந்தது. மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் அதை வைத்திருந்தார். கோடையில் அங்கே தகரத்தைத் தொட்டால் கை பொசுங்கும். மழையில் ஒழுகும். பித்தளையில் பச்சை பூத்ததைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் தோட்டாக்களை எல்லாம் பாயில் கொட்டி ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார்.

"தோட்டா என்ன மச்சான், உன் தாடியா? எண்ணெய் தேய்க்கிறே?"

பிறகு பொறுமையாகத்தான் சொன்னார். ஈரமும் சூடும் ஆகாது, கீழே குளிர்ச்சியான தானிய அறையில், தரையில் படாமல், மூடி இறுகிய தகரப் பெட்டியில் வைத்தால் பேரன் காலத்துக்கும் கெடாது. எண்ணெய் மட்டும் வேண்டாம், அது அடியில் கசிந்து, தீப்பொறி கிளப்பும் மருந்தைக் கொன்றுவிடும் என்றார்.

"ஒரு கிடங்கையே காப்பாத்தத் தெரியல, எனக்குச் சொல்ல வந்துட்டே," என்றார் இவர். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இவர் வீம்புக்கு இன்னொரு கை எண்ணெய் தடவினார்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. வந்த ஒரே வெள்ளத்தில், எங்கள் தண்ணீர் முறை முடிவதற்குள் அண்ணன் மடையைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். தப்பு அவர்மேல்தான். எங்கள் சோளம் கருகியது. நியாயம் கேட்கப் போன இவரைச் சந்தையில் நாலு பேர் முன்னால், பொண்டாட்டி வீட்டுத் தண்ணியில் பிழைப்பவன் என்று சொல்லிவிட்டார். எங்கள் மலையில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு யாரும் சும்மா வீடு திரும்புவதில்லை.

இவர் துப்பாக்கியோடு ஏறிப் போவதைத் தீவனம் அறுத்துக்கொண்டிருந்த நான் பார்த்தேன். கத்தினேன். காதில் விழவில்லையோ, விழுந்தும் நிற்கவில்லையோ. அண்ணன் மடைக்கரையில் வெறுங்கையோடு நின்றார், இடுப்பில் ஜம்பியாக் கத்தி மட்டும். இவர் தோளில் ஏந்திக் குறிபார்த்து அழுத்தினார்.

'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அடுத்த தோட்டாவை ஏற்ற இவர் துப்பாக்கியின் கொண்டியில் கை வைத்தார். அண்ணன் ஓடியிருக்கலாம், கல்லுக்குப் பின்னால் பதுங்கியிருக்கலாம். நின்ற இடத்திலேயே கையை உயர்த்தினார்.

"திறக்காத மச்சான். சில தோட்டா தாமதமா வெடிக்கும். திறந்தா உன் மூஞ்சியிலதான் வெடிக்கும். மலைப்பக்கம் திருப்பிப் பிடி. அப்படியே நில்லு."

இவர் திருப்பினார். அண்ணன் சொன்னதை ஏன் கேட்டார் என்று இவருக்கே இன்றுவரை தெரியாது. இரண்டு பேரும் நின்றார்கள். நான் ஓடி வந்து சேரும்வரையும் நின்றார்கள். இப்போது எடு என்று அண்ணன் சொன்னதும் இவர் தோட்டாவை வெளியே தள்ளினார். அடியில் ஊசி குத்திய பள்ளம் ஆழமாகவே இருந்தது. மருந்துதான் செத்துப்போயிருந்தது.

இவர் மடைக்கரை மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "உன்னைச் சுட வந்தவனுக்கு எதுக்குச் சொன்னே?"

"என் தங்கச்சிக்குக் கண்ணில்லாத புருஷன் எதுக்கு?" என்றார் அண்ணன். "தண்ணி விஷயத்துல நான் செஞ்சது தப்பு. சந்தையில பேசினது அதைவிடத் தப்பு."

நான் யாரைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று நினைவில்லை.

மன்னிப்புக் கேட்கும் ஊர் வழக்கப்படி இவர் ஒரு காளையை ஓட்டிப்போய் அண்ணன் வாசலில் அறுத்தார். ஜம்பியாவைக் கழற்றி அவர் காலடியில் வைத்தார். அண்ணன் அதை எடுத்து இவர் இடுப்பிலேயே கட்டிவிட்டு, கறியில் பாதியை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் முறைத் தண்ணீரை அடுத்த மழையில் திருப்பித் தந்தார். மிச்சத் தோட்டாக்களைக் கண்ணிவெடி எடுக்க வந்தவர்களிடம் கொடுத்தாயிற்று. எது வெடிக்கும், எது வெடிக்காது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்கள்.

கெட்டுப்போன பொருளுக்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லலாமா என்று பள்ளிவாசல் இமாமின் மனைவியிடம் கேட்டேன். தாராளமாகச் சொல் என்றாள். ஐந்து வேளையும் சொல்கிறேன். இவருடைய வீம்புக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அண்ணன் ஓடாமல் நின்றதற்கும் சொல்கிறேன்.

இன்று காலையும் மச்சான்கள் இருவரும் மடையில் சண்டை. யார் முறை, யார் திருடன் என்று அடுப்படிவரை கேட்டது. இரண்டு குரலும் கேட்கிறதா என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டு, ரொட்டியைத் தட்டி அடுப்பின் உள்சுவரில் ஒட்டினேன்.