படத்தை மட்டும் வைக்காதே

வல்லக்கோட்டையார் என்ற பெயரில் எழுதுகிற அந்த ஆளை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. மூன்று வார்த்தைக்கு மேல் எழுதவே மாட்டார். 'தலைப்புக்கு வெளியே' என்று போட்டு ஒரு கேள்வியைப் பூட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஏன் என்று கேட்டால் பதில் வராது. பதில் சொல்லாத ஆம்பிளையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் அப்பாவோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்திய அம்மா எப்படிப் பொறுத்தாளோ, அந்தப் பொறுமை எனக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை.

'பட்டறை' என்று இணையத்தில் ஒரு கேள்வி பதில் தளம் இருந்தது. லேத், பிரஸ், வெல்டிங் வேலை செய்கிறவர்கள் சந்தேகம் கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். நாங்குநேரிப் பக்கம் ஐடிஐ வாத்தியாராக இருந்த வனமாமலை சார் ஆரம்பித்தது. 2013-இல் நாலாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். எந்தக் கேள்வி இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்ய மூன்று நடுவர்கள். வனமாமலை சார், வல்லக்கோட்டையார், அப்புறம் நான்.

என் பெயர் சந்திரலேகா. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தளத்தில் என் பெயர் 'வெர்னியர்', நான் தினம் அளவு பார்க்கிற கருவியின் பெயர். பெண் பெயரில் டை செட்டிங் பற்றி நாலு வரி எழுதிப் பாருங்கள், 'மேடம் எந்த ஊரு, சாப்டாச்சா' என்று நாற்பது பேர் வருவார்கள். வெர்னியர் என்றதும் எல்லோரும் 'அண்ணே' போட்டார்கள். நானும் அண்ணனாகவே இருந்துவிட்டேன். கம்பெனிக்குத் தெரிந்தால் வம்பு என்று அறைத்தோழி செல்வலட்சுமியிடம்கூடச் சொன்னதில்லை.

தளத்துக்கு விதிகள் உண்டு. படம் வைத்துக் கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும் என்ற முதல் விதி நான் எழுதியது. மெஷின் பற்றி மட்டும்தான் பேச்சு, சம்பளம், சங்கம், சூபர்வைசர் கொடுமை போன்ற கம்பெனி விவகாரம் கூடாது என்பது இன்னொன்று. ஒரு நடுவர் பூட்டியதை இன்னொருவர் திறக்க வேண்டுமென்றால், ஒரு நாள் பொறுத்து, மூன்றாம் நடுவரைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும். இதுவும் விதிதான்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு 'பிரஸ்தம்பி' என்ற புதுப் பெயரில் ஒரு கேள்வி வந்தது.

'பவர் பிரஸ்ல ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்கினாத்தான் மேல இருக்கிறது கீழ இறங்கணும்னு படிச்சேன். எங்க மெஷின்ல ஒரு பட்டன அமுக்கினபடியே டேப் ஒட்டி வச்சிருக்காங்க. ஒரு கையாலயே இறங்குது. இன்னொரு கை சும்மா உள்ள இருக்கு. இது சரியா? டேப்ப எடுத்தா மெஷின் நின்னுருமா?'

கூடவே ஒரு படம். பச்சை பட்டனின் மேல் கறுப்பு டேப், நாலு சுற்று. இரண்டு பட்டன் வைப்பதே, மெஷின் இறங்கும்போது இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்குத்தான். பதில் எழுதலாம் என்று முகம் கழுவிவிட்டு வருவதற்குள் பூட்டு விழுந்திருந்தது. படத்தையே காணோம். 'தலைப்புக்கு வெளியே. வல்லக்கோட்டையார்.'

விடுவேனா? நடுவர்கள் மட்டும் பேசுகிற பக்கத்தில் கேட்டேன்: 'இது மெஷின் கேள்விதானே? ஏன் பூட்டினீங்க?'

'கம்பெனி விவகாரம்.'

'விரல் போறது கம்பெனி விவகாரமா?'

அதற்கு வந்த பதில்: 'கேள்விய வேணா தெறந்துக்க. படத்த மட்டும் வைக்காத.'

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான். கேள்வி இருக்கலாமாம், படம் மட்டும் கூடாதாம். அப்படியானால் தலைப்பில் குற்றமில்லை, சாட்சியில்தான் குற்றம். ஏன் என்று மறுபடி கேட்டேன்.

'இங்க எழுத முடியாது. போன் பண்ணு.' கீழே ஒரு நம்பர். அதற்கும் கீழே, 'கேட்டது யார்னு உனக்குத் தெரியுமா?'

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்டவன் யார் என்று இவருக்கு எதற்கு? போன் பண்ணினால் என் நம்பர் இவர் கைக்குப் போய்விடும். வெர்னியர் யார் என்று தெரிந்துகொள்ளப் போடுகிற தூண்டில் இது என்று முடிவு கட்டினேன். நம்பரைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் அவர் பூட்டிய கேள்விகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். மொத்தம் பதினொன்று. அதில் ஏழு பிரஸ் மெஷின் கேள்விகள். எல்லாமே காலை ஒன்பதிலிருந்து ஐந்தரைக்குள் பூட்டியவை, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. லைனில் நிற்கிறவனுக்கு அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் ஏது? ஆள் ஏதோ கம்பெனியின் எச்ஆர். தொழிலாளி எங்கே என்ன கேட்கிறான் என்று மோப்பம் பிடிக்கத் தளத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறான். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

செல்வி அப்போது கட்டிலில் உட்கார்ந்து, போன் கேமராவின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் உள்ளே போகும்போது கேட்டிலேயே கேமராவை ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிடுவார்கள். பிள்ளைப்பாக்கத்தில் எந்த வாடகை அறைக்குள் போனாலும் சாயங்காலம் இந்தச் சுரண்டல்தான் நடக்கும். அவள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வேறொரு கம்பெனியில், பிரஸ் லைனில் ட்ரெய்னி. இன்னும் நாற்பது நாள் போனால் ஒரு வருஷம் முடிந்து கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் மாமன் மகன் காத்திருந்தான், குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடக்கிறவன். சுவரில் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏளா செல்வி, ஒருத்தன் காரணம் சொல்லாம ஒரு விஷயத்த மறைக்கான்னா என்ன அர்த்தம்?" என்றேன்.

"களவாணிப் பயன்னு அர்த்தம்," என்றாள் தலையைத் தூக்காமல். "ஏன், எவன்?"

"ஒண்ணுமில்ல, ஆபீஸ்ல ஒருத்தன்."

அவள் வாயாலேயே கேட்டுவிட்டேன் அல்லவா, அது போதும் என்று இருந்தது. வனமாமலை சாருக்கு எழுதிக் கேட்கவில்லை. ஒரு நாள் பொறுக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதே பூட்டைத் திறந்தேன். படத்தைத் திரும்ப வைத்தேன். 'இந்தக் கேள்வி இங்கேதான் இருக்கும். படமும் இருக்கும். வெர்னியர்' என்று கீழே எழுதினேன்.  சந்தோஷமாக இருந்தது.

இருட்டுவதற்குள் நூற்று நாற்பது பதில். 'டேப்பை உடனே எடு தம்பி', 'எங்க கம்பெனிலயும் இதே கதை', 'வெர்னியர் அண்ணன் வாழ்க'. நாலைந்து பேர் படத்தை ஃபேஸ்புக்கில் எடுத்துப் போட்டார்கள். சனிக்கிழமை காலை வல்லக்கோட்டையார் படத்தைத் தளத்திலிருந்து எடுத்தார். நான் வைத்தேன். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தேன். மூன்றாம் தடவை அவர் எடுக்கவில்லை. 'தப்பு பண்ணிட்ட' என்று மட்டும் எழுதினார். வெறும் மிரட்டல் என்று நான் சிரித்தேன்.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு அறைக்கு வந்தால், செல்வி எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். யூனிஃபார்மைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஐடி கார்டு இல்லை.

"என்னளா, சீக்கிரம் வந்துட்ட?"

"கேட்லயே நிறுத்தி எச்ஆர்கிட்ட கூட்டிட்டுப் போய்ட்டாவ. கார்ட வாங்கிட்டாவ. இனிமே வராதன்னுட்டாவ."

"ஏன்? என்ன செஞ்ச?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் ஒரு படம் எடுத்தேன் சந்திரா. ஸ்டிக்கர உரிச்சுட்டு. பக்கத்து மெஷின்ல ஒரு பிள்ளைக்குப் போன வாரம் நகம் பிஞ்சுட்டு. பயந்துபோயி, பட்டறைன்னு ஒரு தளம் இருக்கு, அதுல கேட்டேன். பேரு ஊரு ஒண்ணும் போடல, ஆம்பிள பேருலதான் கேட்டேன். ஆனா படத்துல பதினாலுன்னு மெஷின் நம்பர் தெரியுதாம். கீழ ட்ராலி டேக் தெரியுதாம், தேதி, ஷிப்ட் எல்லாம். அன்னைக்கு ஏ ஷிப்ட்ல பதினாலாம் மெஷின் யாருன்னு சீட்டப் பாத்தா நான்தான். எச்ஆர் மேசைல அந்தப் படத்தப் பெருசா பிரிண்ட் போட்டு வச்சிருந்தாவ."

 அவள் நிறுத்தாமல் பேசினாள்.

"அதுல வல்லக்கோட்டையான்னு ஒரு பய. அவன்தான் போட்டுக் குடுத்திருக்கான். மொதல்ல பூட்டுனதே அவன்தான். வெர்னியர்னு ஒரு அண்ணன்... அவரு ஒருத்தர்தான் எனக்காவ நின்னாரு. நல்லா இருக்கணும் அந்த மனுசன்."

தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். தூணில் வெள்ளை பெயின்டில் 14. வலது ஓரத்தில் ட்ராலி. ட்ராலியில் மஞ்சள் டேக், பார்ட் நம்பர், தேதி, ஷிப்ட், அத்தனையும் பளிச்சென்று. டேக் படிப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். மூன்று தடவை அந்தப் படத்தை வைத்தேன், ஒரு தடவைகூட அந்த மூலையைப் பார்க்கவில்லை.

வல்லக்கோட்டையார் கொடுத்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"அலோ, யாரு?"

"வெர்னியர்."

"பொம்பளப் புள்ளயா நீ?"

"இப்ப அதுவா முக்கியம்? அந்தப் படத்துல இருக்க கம்பெனிலயா வேல பாக்கீங்க?"

"மெயின்டனன்ஸ். பேரு பரசுராமன். அந்தப் பதினாலு நம்பர் கீதே, அத்த பெயின்ட் அடிச்சதே நான்தாம்மா. படத்தப் பாத்த ஒடனே தெரிஞ்சிபூட்ச்சு. அத்த நான் அங்க எழுதிக்கினு இருந்தா, கேட்ட புள்ளயும் மாட்டும், நானும் மாட்டுவேன். அதான் போன் பண்ணுன்னேன். நீ பண்ணல."

"அதுக்கு முன்னாடி ஏழு கேள்விய அடச்சீங்களே?"

"ஏழுலயும் படம் இருந்துச்சு. பாத்தியா நீ? படத்த வெட்டிட்டு மறுபடி கேளுன்னு தனியா எழுதுனேன். நாலு பேரு கேட்டாங்க. பதிலும் போட்டேன். அத்தப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. பூட்டிய பட்டியலைத்தான் பார்த்தேன். எதையாவது திருப்பிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"அந்த டேப்ப ஒட்டினது யாரு?"

"சூபர்வைசர் சொன்னாரு. நான் ஒட்னேன்."

"அப்ப தளத்துலருந்து படத்த நீக்குனது அந்தப் புள்ளைக்காகவா, உங்களுக்காகவா?"

"ரெண்டுந்தாம்மா," என்றார். "பொய் சொல்லி இன்னா ஆவப்போது. இன்னிக்குக் காலைல எல்லா மெஷின்லயும் டேப்ப பிரிக்கச் சொல்லிட்டாங்க. நான்தான் பிரிச்சிக்கினு கீறேன். நீ வெச்ச படத்தாலதான். அந்தப் புள்ள மட்டும் உள்ள இல்ல."

போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதில் எவ்வளவு நம்புவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என்னை எவ்வளவு நம்புவது என்பது அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். செல்வி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து வைத்து, சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். அவள் வல்லக்கோட்டையாரைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறியிருப்பாள். தீபாவளிக்கு எனக்கு முறுக்கும் அனுப்பியிருப்பாள். அந்த முறுக்கை நினைத்ததும் குடத்தைக் கீழே வைத்தேன்.

"செல்வி, வெர்னியர் நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. அழுகையோடு சிரித்தாள். "நீயா? அந்த அண்ணனா?"

"நான்தான். அந்த ஆள் படத்த எடுக்கச் சொன்னாரு. காரணம் போன்ல சொல்லுதேன்னாரு. நான் கேக்கல. அவர் எடுக்க எடுக்க நான் வச்சேன், மூணு தடவ."

செல்வி காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கழுத்தில் தொங்கிய கார்டைப் பார்த்தாள், குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்று போட்டிருக்கிற அந்தக் கார்டை.

"ஒரு நாளைக்கு அறுநூறு டேக் பாக்கேன்னு பெருமயா சொல்லுவியே சந்திரா," என்றாள். "என் டேக்க மட்டும் பாக்கலையாளா?"