அஸ்தமனம் 6.03

தில்லியில் தமிழர் வீட்டில் சாவு விழுந்தால் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்பே பரமசிவத்துக்குப் போன் போய்விடும். மத்திய அரசு அலுவலகத்தில் அவர் செக்‌ஷன் ஆபீசர். அங்கே ஒரு ஃபைலை நகர்த்த மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறவர், சாவு வீட்டுக்கு வந்துவிட்டால் புயல். ஐஸ், வண்டி, மாலை, சுடுகாட்டில் சொல்லிவைப்பது என எல்லாவற்றையும் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவார். மதுரையில் அச்சான குட்டிப் பஞ்சாங்கம் ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். இருபது வருஷமாக அது அவர் காலை வாரியதில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, அது வாரிவிட்டது.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸின் முன்னறையில் கிடத்தப்பட்டிருந்தவர் சந்திரமௌலி, பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். முந்தைய இரவு மாரடைப்பில் போனார். ஒரே மகள் பூங்கோதை சென்னையில் படிக்கிறாள். காலையில் கிளம்பியிருக்க வேண்டிய அவளுடைய விமானம் தில்லியின் மூடுபனியால் மத்தியானம்வரை சென்னையிலேயே நின்றிருந்தது. “அவ வந்து அவங்கப்பா முகத்தப் பாக்கணும்” என்று வாத்தியாரின் மனைவி மீனாக்ஷி காலையில் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை.

கொள்ளி வைக்கவேண்டியவர் இறந்தவரின் அண்ணன் ஏகாம்பரம். பொழுது சாய்ந்தபிறகு கொள்ளி வைக்கமாட்டேன் என்பதில் அவர் பிடியாக இருந்தார். நாளைக்குத் தள்ளலாம் என்றால் நாளை சனிக்கிழமை. சனிக்கிழமை பிணம் எடுத்தால் அது குடும்பத்தில் இன்னோர் உயிரையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்ற பயம் ஊரை விட்டு ரயிலேறி வந்தவர்களையும் விடுவதில்லை. அதிலும் ஏகாம்பரத்தின் மகள் ஆர்.கே.புரத்து வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். அவர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

பரமசிவம்தான் பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சமாதானம் செய்துவைத்தார்.

“அண்ணே, அஸ்தமனம் ஆறு மூணு. சுடுகாடு கால் மணி நேரந்தான். அஞ்சு இருபத்தஞ்சுக்கு எடுத்தாப் போதும். பிள்ளையும் வந்துரும்.”

இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. பரமசிவத்துக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாலே காலுக்கு மாலைகள் வந்தன. சுற்றியிருந்த அன்றைய ஆங்கிலப் பேப்பரைப் பிரித்தபோது வானிலைக் கட்டம் கண்ணில் பட்டது. இன்று சூரிய அஸ்தமனம்: 5.29.

அச்சுப் பிழை என்று நினைத்தார். மறுபடி பார்த்தார். தில்லி என்று தெளிவாகப் போட்டிருந்தது.

அலமாரி மேல் வாத்தியாரின் உலக உருண்டை இருந்தது. சாய்ந்த அச்சில் நின்றது. மதுரை கீழே, உருண்டையின் வயிற்றை ஒட்டி இருந்தது. தில்லி அங்கிருந்து மூன்று விரற்கடை மேலே. டிசம்பரில் வடக்குப் பக்கம் சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும், மேலே போகப் போகப் பகல் குறையும் என்று எட்டாம் வகுப்பில் எழுதி மார்க் வாங்கியவர்தான் பரமசிவம். ஆபீஸ் விட்டு வருவதற்குள் இருட்டிவிடுகிறதே என்று இருபது குளிர்காலம் புலம்பியும் இருக்கிறார். அந்தப் புலம்பலையும் பையில் கிடந்த பஞ்சாங்கத்தையும் ஒரு நாளாவது பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் வந்ததில்லை. குளிர்காலச் சாவுகளை எல்லாம் மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார். கோடையில் சாயங்காலம் எடுத்தாலும் தில்லிச் சூரியன் ஏழு மணி தாண்டியும் போகாமல் நிற்கும். இப்போது ஒரு வாரமாக மூடுபனி, சூரியன் எப்போது வருகிறது எப்போது போகிறது என்று பார்த்தவர் யாருமில்லை.

ஐந்து இருபத்தொன்பதுக்குள் கொள்ளி வைக்கவேண்டுமென்றால் நாலு ஐம்பத்தைந்துக்குள் எடுத்தாக வேண்டும். இனி முக்கால் மணி நேரம்கூட இல்லை. பேப்பரை நாலாக மடித்துப் பஞ்சாங்கத்தோடு பையில் செருகினார்.

நாலு முப்பத்தெட்டுக்குப் போன் அடித்தது. அவர்தான் எடுத்தார்.

“அங்கிள், ஃப்ளைட் இப்பத்தான் லேண்ட் ஆச்சு. அப்பா வீட்லதான இருக்காரு?”

எடுத்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பார். இந்தக் கேள்விக்கு முன்னறையைத் திரும்பிப் பார்த்தார்.

“வீட்லதாம்மா இருக்காரு. டாக்ஸி புடிச்சு வா.”

வைத்த பிறகுதான் உறைத்தது. பாலம் ஏர்போர்ட்டிலிருந்து வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். டாக்ஸியில் வருகிறவளுக்கு இனி எந்தச் சேதியும் சொல்ல முடியாது. நேரே சுடுகாட்டுக்கு வரச்சொல்லலாம் என்றாலும் பெண்பிள்ளையை அங்கே விட ஏகாம்பரம் சம்மதிக்கமாட்டார்.

வெளியே பனி சாம்பல் நிறமாகத் தடித்துக்கொண்டிருந்தது. வண்டி டிரைவர் தலையை நீட்டி, “பாபுஜி, ஜல்தி கீஜியே” என்று அவசரப்படுத்தினான். அவனை டீ குடிக்க அனுப்பினார்.

“என்னய்யா, இப்பவே இருட்டிக்கிட்டு வருது?” என்றார் ஏகாம்பரம்.

“பனிண்ணே.”

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்னும் முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்திருந்தால் பூங்கோதை வந்திருப்பாள், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் ஏகாம்பரம் எழுந்து வந்து தன் வீட்டுக்குப் போன் போட்டார். “வலி ஏதும் இருக்காத்தா? இருந்தா ஒடனே சொல்லிரணும். அப்பா பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுட்டு வந்துருவேன், நீ பயப்படாத” என்றார். பயப்படாதே என்று சொன்னவர் போனை வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றதைப் பரமசிவம் பார்த்தார். பஞ்சாங்கம் ஏமாற்றியது தெரியாமல் நடந்தது. இனி நடப்பது இவர் ஏமாற்றுவது. நாளைக்கு அந்த நிறைமாதப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று ஆனால்? அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஆபீஸில் பேசுகிற பரமசிவத்துக்கு உள்ளுக்குள் குளிரெடுத்தது.

ஏகாம்பரத்தைப் பின்பக்க பால்கனிக்கு அழைத்துப் போய்ப் பேப்பரைப் பிரித்துக் காட்டினார்.

“அண்ணே, தப்புப் பண்ணிட்டேன். ஆறு மூணு மதுரைக்கு. இங்க அஞ்சு இருபத்தொம்பது.”

ஏகாம்பரத்துக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் கறுத்தது.

“எம் பொண்ணு வயித்துல புள்ளையோட இருக்காய்யா! வெளையாடறியா?”

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார்.

“தூக்குங்கய்யா! நேரமாச்சு, தூக்குங்க!”

நாலு பேர் குனிந்து பாடையைத் தூக்கினார்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் அது எழவில்லை. மீனாக்ஷியின் கை கணவனின் பாதத்தைப் பிடித்திருந்தது. அவள் அழவில்லை, தடுக்கவில்லை, ஏகாம்பரத்தைப் பார்க்கவும் இல்லை. கையை மட்டும் எடுக்கவில்லை. கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியின் மேல் அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

ஏகாம்பரம் அந்தக் கையையே பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்திரண்டு.

“பரமசிவம், நம்ம பஞ்சாங்கத்துல என்ன போட்ருக்கு?”

“ஆறு மூணுண்ணே. ஆனா அது...”

“இவன் எந்த ஊர்க்காரன்?”

“மதுரை.”

“நானு?”

ஏகாம்பரம் பாடையைத் தூக்கியவர்கள் பக்கம் திரும்பினார்.

“நம்ம ஊர்ல இன்னும் பொழுது சாயல. எறக்கி வைங்கய்யா.”

குரல் உடைந்துதான் வந்தது. தம்பியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு கண் வாசல் மேலும் ஒரு கண் போன் மேலும் இருந்தது.

ஐந்து பத்துக்குப் போன் அடித்தது. யாரும் எடுக்க முன்வரவில்லை. ஏகாம்பரமே எழுந்து போனார். ரிசீவரைக் காதில் வைக்குமுன் கண்ணை மூடிக்கொண்டார். தம்பியோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் யாரோ, எப்போது எடுக்கிறீர்கள் என்று விசாரித்தார்.

“இன்னும் நேரமிருக்கு, வாங்க” என்றார் ஏகாம்பரம்.

ஐந்து இருபத்தைந்து ஆனது. எடுக்கச் சொல்லி அவரிடம் ஒருவரும் போகவில்லை, அவரும் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர் பிளாக்கில் விளக்கு போட்டுவிட்டார்கள். ஐந்து இருபத்தொன்பதுக்குத் தில்லியின் சூரியன் பனிக்குப் பின்னால் எங்கோ போய்ச் சேர்ந்தது. பரமசிவத்துக்கு மட்டும் அது தன் நெஞ்சுக்குள் இறங்கியதுபோல் இருந்தது.

இரண்டு நிமிஷம் கழித்து வாசலில் டாக்ஸி நின்றது. பூங்கோதை ஓடி வந்தாள். நிலைப்படியில் கூட்டத்தைப் பார்த்ததும் கால் வராமல் நின்றுவிட்டாள். பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

“பெரியப்பா... எடுத்துட்டீங்களா?”

ஏகாம்பரம் கையை ஊன்றி எழுந்து, தலைமாட்டு இடத்தை விட்டு நகர்ந்துகொண்டார்.

“இல்லத்தா. உள்ள வா. ஒங்கப்பன் இன்னும் பொறப்படல.”