அமிர்தம் கை நனைத்த கதை

அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் பசிதான் எடுக்கும். அழுகையெல்லாம் அதற்கப்புறம். அவர் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அப்படித்தான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களும் அந்தச் சோற்றைத் தின்றவர்கள்தானே.

அப்பா ராஜாங்கம் பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது, அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் கூட்டிக்கொண்டு வடக்கனந்தலுக்கு வந்து சேர்ந்தார். வேலை வனத்துறை நாற்றங்காலில். நாள் முழுக்க அரசாங்கச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், சாயங்காலம் வந்து சொந்தச் செடிக்கு ஊற்றுவார். துவைக்கிற கல்லிலிருந்து ஓடும் தண்ணீரில் ரம்பை வைத்திருந்தார். தாழைக்குத் தம்பி மாதிரி இருக்கும். அந்த வாசனை இலையைக் கிள்ளிப் போடாமல் குழம்பு வைக்க மாட்டார்.

ஆம், அவர்தான் குழம்பு வைப்பார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காயும் துருவுவார். "சிலோன்காரரு வூட்ல பொம்பள பேப்பர் படிக்குது, ஆம்பள அடுப்பு ஊதுது" என்று தெருவே கேலி பேசும். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது என்பது வேறு விஷயம்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் வில்லங்கம் வந்தது. எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள். ஆனால் பேசி முடிக்கும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பாட்டில் கை வைத்தால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அம்மா இதை வந்த வருஷமே கற்றுக்கொண்டாள். அப்பாவுக்கு மண்டையில் ஏறவே இல்லை. "தோட்டத்துல எங்க லயத்து வீட்டுக்கு யார் வந்தாலும் மொதல்ல சோறு, பொறவுதான் பேச்சு" என்பார்.

ஏற்கனவே இரண்டு இடம் வந்து, அப்பா ஆக்கி வைத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருந்தார்கள். சாதியில் குறை இல்லை. என்னிலும் குறை இல்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். பங்காளி யார், குலசாமி எங்கே என்று கேட்டால் அப்பாவிடம் பதில் இல்லை, அதுதான் குறை. மீந்த சோற்றை நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். அது ருசியாக வேறு இருந்து தொலைத்தது.

மூன்றாவதாக வந்தவர்கள் நைனார்பாளையம் கொளஞ்சியப்பன் குடும்பம். மாப்பிள்ளை ஆதிமூலம் உரக்கடை வைத்திருந்தார். நான் நீட்டிய காபி டம்ளரின் சூடு தாங்காமல், கீழே வைக்கவும் கூச்சப்பட்டு, கைமாற்றிக் கைமாற்றி அவர் பட்ட பாட்டைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த இடமும் தட்டிப்போனால் தாங்க மாட்டேன் என்றிருந்தது.

"பேச்சு முடியிற வரைக்கும் அடுப்புப் பத்தக் கூடாது, ஊருல தலைகாட்ட முடியல" என்று அம்மா முந்தின நாளே கறாராகச் சொல்லியிருந்தாள். அப்பா சமர்த்தாகத் தலையாட்டினார். விடிந்ததும் பின்பக்கம் உட்கார்ந்து, கரியாலூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த பிஞ்சுப் பலாக்காயை அரிந்துகொண்டிருந்தார்.

கொளஞ்சியப்பன் சுற்றி வளைக்கவில்லை. "உங்க பங்காளிங்கள்லாம் எங்க இருக்காங்க?"

"தெரியலைங்க. எங்க தாத்தா கூலிக்குக் கப்பலேறுனவரு. எந்த ஊருன்னு சொல்லாமலே போய்ச் சேர்ந்துட்டாரு" என்றார் அப்பா.

"குலசாமி?"

"தோட்டத்து மாரியம்மாதாங்க. அவ அங்கேயே நின்னுட்டா." சொல்லிவிட்டு, "அடுப்புல ஒண்ணு கொதிக்குது, இருங்க" என்று அப்பா எழுந்து பின்பக்கம் போனார். அம்மா பல்லைக் கடித்தாள்.

கொளஞ்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்மா" என்றார் அம்மாவிடம். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கண்ணை முட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கம் ஓடினேன்.

அங்கே மாப்பிள்ளையின் அம்மா அமிர்தம் நின்றுகொண்டிருந்தார். வெற்றிலை எச்சில் துப்பப் போனவர், அப்பா போட்டிருந்த அவரைக்கொடிப் பந்தலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாங்க இது, இப்டிக் காய்ச்சிக்கினு இருக்குது? எங்க வூட்ல பூவோட கொட்டிப்போவுது."

"காலையில ஈரத்தோட சாம்பல் தூவுங்க தங்கச்சி" என்றார் அப்பா. பெண் பார்க்க வந்தவர்கள் என்பதே அவருக்கு மறந்திருந்தது. குழம்பைக் கிளறிவிட்டு, கரண்டியோடு வந்தார். "கொஞ்சம் உப்புப் பாருங்க."

முப்பது வருஷம் அடுப்போடு கிடந்த பெண்பிள்ளை முன்னால் கரண்டி நீண்டால் கை தானாகப் போகும். அமிர்தம் உள்ளங்கையை நீட்டினார், அப்பா குழம்பை விட்டார், அவர் நக்கினார்.

"ஒரு கல்லு போடணும்" என்றார்.

"இன்னா பண்ற நீ?" பின்வாசற்படியில் கொளஞ்சியப்பன்.

"உப்புப் பாத்தேன்."

"அவங்க வூட்ல கை நனைச்சிட்டியேடி!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அமிர்தம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கையில் மிச்சமிருந்ததையும் நிதானமாக வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

"ஆமா, நனைச்சிட்டேன். இப்ப இன்னாங்கற? அவருக்குச் சாமி இல்லன்னா போவுது. நம்ம வூட்டுக்கு வந்தா நம்ம சாமிதான அந்தப் பொண்ணுக்கு. நீ போய் இலையில குந்து."

முதலில் போய் உட்கார்ந்தது ஆதிமூலம்தான். இன்றைக்கும் அதைச் சொல்லி அவர் மானத்தை வாங்குகிறேன்.

தெரிந்துதான் செய்தீர்களா என்று அப்பாவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். "உப்பு நெசமாவே பத்தலை புள்ள" என்பார். என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

கொளஞ்சியப்பன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இலையில் உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்பாவை எல்லோரும் சிலோன்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மாமா, சித்தப்பா என்று முறை வைத்துக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது.

"சம்பந்தி, கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

வாளியும் கையுமாக நின்ற அப்பா, யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"உங்களத்தாங்க."

அப்பா குனிந்து ஊற்றினார். போதும் போதும் என்று கொளஞ்சியப்பன் இலைக்குக் குறுக்கே கையை நீட்டிய பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார்.