பெட்டி மூடியில் ஒரு பெயர்

காபூலுக்கு வடக்கே மலையூரான இஸ்தாலிஃபில், குயவர் தெருவின் மேல்முனையில், சூளை முற்றத்தில், அன்று இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்குரிய முதுகுயவர் கரம்ஷா, அவர் மகன் இத்ரீஸ், கரம்ஷாவின் மகளைத் தன் மகனுக்குப் பேசி முடித்திருந்த திராட்சைத் தோட்டக்காரர் மீர் ஆகா, பள்ளிவாசல் முல்லா கியாசுதீன், காபூலிலிருந்து வந்திருந்த, கைத்தொழிலாளருக்கு உதவும் அறநிலையத்து ஊழியன் ஸஹீர். ஆறாவதாக ஒருத்தி, முற்றத்தை ஒட்டிய மண்சுவருக்கு அப்பால், மெருகுக் கலயங்களின் நடுவே மூச்சடக்கி நின்றிருந்தாள். அவள் பெயரை இவ்வரிசையில் எழுதலாகாது. அவ்வூரில் பெண்ணின் பெயர் வீட்டுச் சுவரைத் தாண்டி ஒலிப்பதில்லை.

மலைச்சரிவில் அடுக்கடுக்காய் ஏறி நின்ற மண்வீடுகளின்மேல், இலையுதிர்காலத்து மாலை வெயில், அணைந்த சூளையின் கடைசிச் செம்மையெனச் சுருங்கிக்கொண்டிருந்தது. கீழே ஷொமாலிச் சமவெளியின் திராட்சைக் கொடிகள் இலையிழந்து, முறுக்கிப் பிழிந்த கறுப்புத் துணிகளாய்க் கிடந்தன. மேலே முகடுகளில் அவ்வாண்டின் முதற்பனி, இறந்தவர் முகத்தில் இட்ட வெள்ளாடைபோல் படிந்திருந்தது. முசுக்கட்டை மரத்தில் காக்கைகள் வந்தமர்ந்தும் கரையவில்லை. தெருவில் எந்நாளும் ஓயாது சுழலும் சக்கரங்கள் ஒவ்வொன்றாய் நின்றுகொண்டிருப்பதை, அவற்றின் ஓசையிலேயே வளர்ந்த கரம்ஷாவின் செவி கேட்டது. செய்தி அதற்குள் சுவர் தாண்டிவிட்டது என்பதை அவர் அறிந்துகொண்டார்.

செய்திக்குக் காரணமாயிருந்தது, ஸஹீர் கொண்டுவந்த ஒரு மரப்பெட்டி. ஈராண்டுக்கு முன்னர் அவனுடைய அறநிலையம், கரம்ஷாவின் பின்னறையை மெருகுப் பயிற்சிக் கூடமாக்கி, தெருவின் ஏழு பெண்களுக்கு மண்ணும் வண்ணமும் கருவிகளும் அளித்திருந்தது. கற்பித்தவள் கரம்ஷாவின் மகள். அறநிலையத்தின் அழைப்பில் சப்பான் நாட்டுக் குயவர் மொரிகாவா ஒருமுறை வந்து பத்து நாள் தங்கினார். ஒருவர் மொழியை மற்றவர் அறியாத அவ்விரு முதியவர்களும், மண்ணை விரலிடையில் நசுக்கிக் காட்டியும் தலையசைத்தும், உடன்பிறந்தார்போல் பழகினர். சுவருக்கு அப்பாலிருந்து கதவிடுக்கின் வழியே வந்த கிண்ணங்களை மட்டுமே விருந்தினர் கண்டார். செய்தவளைக் காணவில்லை, காண விழையவுமில்லை. ஒரு கிண்ணத்தை மட்டும் நெடுநேரம் கையில் ஏந்தியிருந்து, தம் ஊர்க் காட்சிக்குக் கேட்டு வாங்கிச் சென்றார்.

அக்கிண்ணமே இப்போது திரும்பி வந்திருந்தது. சிறந்த கலத்துக்கு ஒரு பெட்டி செய்து, அதன் மூடியில் செய்தவர் பெயரைத் தம் கையால் எழுதுவது மொரிகாவாவின் நாட்டு வழக்கம். பெயரின்றி அனுப்புவது அங்கே இகழ்ச்சி. எனவே அம்முதியவர், ஸஹீர் முன்பு படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்த பெயரைத் தம் எழுத்தில் ஒருமுறையும், பாரசீக எழுத்தைக் கோடு பிசகாமல் பார்த்து வரைந்து ஒருமுறையும் மூடியில் எழுதியிருந்தார். கரம்ஷா எழுத்தறியாதவர். உறையைப் பிரித்ததும் முகம் வெளிறிய ஸஹீர் கையை நீட்டுவதற்குள், தம் படிப்பில் பெருமிதம் கொண்ட மீர் ஆகா மூடியை வெயிலுக்குத் திருப்பி, தெருவெங்கும் கேட்குமாறு படித்துவிட்டார். படித்து முடித்த பின்னரே, அது தம் மருமகளாக வரவிருந்தவளின் பெயரென்பது அவருக்கு உறைத்தது.

"யாருடா எழுதுனது இதை?" என்று ஸஹீர் பக்கம் திரும்பினார்.

"மீர் ஆகா, அங்க அப்படித்தான் வழக்கம். செஞ்சவங்க பேரை எழுதலைன்னாதான் அவமதிப்பு. மரியாதைக்குத்தான் அவரு..."

"மரியாதை! என் வீட்டுக்கு வரப்போற பொண்ணு பேரு கடல் தாண்டிப் போய், கண்டவன் வாயில எல்லாம் புரண்டுட்டு வந்திருக்கு. இவன் மரியாதைங்கறான்!"

"பேரை அவங்களுக்குக் குடுத்தது யாரு?" என்று மெல்லக் கேட்டார் முல்லா.

"நான்தான், முல்லா சாகிப். படிவத்துல கேட்டிருந்துச்சு. யோசிக்காம எழுதிட்டேன்."

"உன் அம்மா பேரை இப்படி யோசிக்காம எழுதுவியா?" என்று சீறினார் மீர் ஆகா. "இல்ல, காபூல் தண்ணி குடிச்சா அதெல்லாம் மறந்து போயிடுமா?"

சுவரோரத்தில் அமர்ந்து இன்னும் சுடாத பச்சைக் கலங்களின் அடியைச் செதுக்கிக்கொண்டிருந்த இத்ரீஸ், கத்தியை நிறுத்தியிருந்தான். அதைத் துடைக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. மீர் ஆகாவின் கூச்சலைவிட மகனின் அந்த அமைதியே கரம்ஷாவின் நெஞ்சில் பனிக்கட்டியாய் இறங்கிற்று. இருபத்திரண்டு வயது; தெருவில் ஒரு சொல் பொறுக்காதவன்; அவன் கண்கள் இப்போது மண்சுவரின் கதவிலேயே பதிந்திருந்தன.

"சம்பந்தி, ஒரே வழிதான் இருக்கு," என்று மீர் ஆகா குரலைத் தாழ்த்தினார். "உள்ள மாடத்துல இருக்கற குர்ஆனை எடுங்க. இந்தக் கிண்ணம் என் கையால செஞ்சதுன்னு அதுமேல கை வெச்சுச் சொல்லுங்க. மூடியில இருக்கற பேரைச் சீவி எறிஞ்சிடலாம். அந்தப் பின்னறையைப் பூட்டிடுங்க, உங்க பொண்ணு இனிமே மண்ணைத் தொட வேண்டாம். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"சொல்லலைன்னா?"

"நிச்சயத்துக்கு நீங்க குடுத்த இனிப்புத் தட்டு நாளைக்கு உங்க வாசலுக்கே திரும்பி வரும். அப்புறம் இந்தத் தெருவுல எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறீங்கன்னு பாக்கலாம்."

கரம்ஷா கிண்ணத்தைக் கையிலெடுத்தார். மலைச்சுனையின் நீலம் அதன் உட்குழிவில் அசைவற்று நின்றது. ஏழு தலைமுறையாக அவ்வீட்டார் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, இடையே முக்காலி மண்வில்லை வைத்துச் சுட்டு வந்தனர். அவ்வில்லையின் கால்பட்ட மூன்று வடுக்கள் இல்லாத கிண்ணம் கரம்ஷாவின் கையிலிருந்து வெளிவந்ததேயில்லை. இதில் வடு இல்லை. கலத்தைத் தனித்தனி மண்பேழையிலிட்டுச் சுடுவதை, விருந்தினர் கொண்டுவந்திருந்த ஒரு பேழையைப் பார்த்தே அப்பத்து நாளில் மகள் கற்றுக்கொண்டாள். விறகு வீணாகிறதென்று அந்நாளில் முணுமுணுத்தவர் அவரே.

அவருடைய பாட்டனார், பொதுச் சூளையிலிருந்து எடுத்த பிறர் கிண்ணத்தைத் தன்னுடையதென்று சொன்ன சொந்தத் தம்பியை ஊரைவிட்டே அனுப்பியவர். அவ்வீட்டின் மானம் அந்நாளில் நிலைநாட்டப்பட்டது. அதைக் காத்து நிற்பதே தம் பிறப்பின் பொருளென்று கரம்ஷா வாழ்ந்திருந்தார். பெண்ணின் பெயரைச் சுவருக்குள் வைத்ததும் அதே மானம்தான். இறந்த மனைவியின் கல்லறைக் கல்லிலும் 'கரம்ஷாவின் இல்லாள்' என்றே பொறிக்கச் செய்திருந்தார். அவளை அவ்வளவு உயர்வாகப் போற்றியதாகவே எண்ணியிருந்தார். கடலுக்கு அப்பால் ஒரு முதியவர், அதே உயர்வைக் காட்டவேண்டி, தம் கையால் அறியாத எழுத்தை வரைந்திருக்கிறார். ஒரே மானம் இரண்டாய்ப் பிளந்து, ஒன்றையொன்று வெட்ட ஓங்கி நின்றது.

"இது என் கை இல்ல, மீர் ஆகா," என்றார் கரம்ஷா. "கூப்பிட்டுக் காட்டுங்க, வடு இல்லாத இதை என்னுதுன்னா தெருவுல எந்தக் குயவனும் சிரிப்பான். அடுத்தவங்க கிண்ணத்தை என்னுதுன்னு சொல்ல மாட்டேன்."

"அடுத்தவங்களா? உங்க பொண்ணுதானே!"

"பொண்ணுன்னா அவகிட்டத் திருடலாமா?"

"அப்போ யாரு செஞ்சது? வாயைத் திறந்து சொல்லுங்களேன், கேப்போம்!"

ஆண்டுக்கணக்கில் வளையாத கரம்ஷாவின் முதுகு மேலும் நிமிர்ந்தது. "என் மக நாஸ்பரி செஞ்சது. நீங்க ஒரு தரம் படிச்சீங்க, நான் ஒரு தரம் சொல்லிட்டேன். இனிமே சம்பந்தின்னு கூப்பிடறதும் கூப்பிடாததும் உங்க இஷ்டம்."

சுவருக்கு அப்பால் ஏதோ ஒரு கலயம் உருண்டு நின்றது. இத்ரீஸ் எழுந்தான். கத்தி கையிலிருக்க, முற்றத்தைக் கடந்து அக்கதவை நோக்கி நடந்தான். தந்தை அவன் பின்னே ஓரடி எடுத்து வைத்தார். கதவை அடைந்தவன் திரும்பி, அதில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்து நின்றான்.

"பொய்ச் சத்தியத்துக்கு நான் சாட்சி இல்ல," என்று முல்லா எழுந்தார். "அதுக்கு மேல என்னை எதுவும் கேக்காதீங்க." மீர் ஆகா மூடியை மண்ணில் போட்டுவிட்டு வெளியேறினார்.

மறுநாள் இனிப்புத் தட்டு திரும்பி வந்தது. தொடாத இனிப்புகளின்மேல் எறும்புகள் ஊர்ந்தன. பின்னறைக்கு ஏழு பெண்களில் இருவரே வந்தனர். கரம்ஷா தெருவில் நடக்கையில் சக்கரங்கள் நின்றன. கடந்தபின் மீண்டும் சுழன்றன. யாரோ வாசற்கதவில் கரிக்கோடு ஒன்று இழுத்திருந்தனர்; அதன் பொருளை ஒருவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முகட்டிலிருந்து பனி நாள்தோறும் ஒரு படி கீழிறங்கிற்று. உண்மையைச் சொன்ன வீட்டுக்கு ஊர் தரும் தனிமை எத்துணை நீளுமென்பதை அளக்க அம்மலையில் கோலில்லை. ஆயினும், பிறர் கைவண்ணத்தைத் தனதாக்காத கை, குளிரிலும் தன் வெம்மையை இழப்பதில்லை.

மானம் கெட்ட கரம்ஷா அப்பெட்டியைச் சூளையிலிட்டு எரித்தாரென்றும், மகளைக் கண்காணா ஊருக்கு அனுப்பினாரென்றும், அச்சூளை இனி எரியாதென்றும் சமவெளியில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். பெட்டி மாடத்தில் இருக்கிறது. சூளை சனிக்கிழமை மூட்டப்பட்டது. விறகு சுமந்தவன் இத்ரீஸ், தீ வைத்தவள் நாஸ்பரி.